குழலில் வைத்த பொட்டு

பாரிசின் லா ஷப்பல் பக்கத்தில் எந்தத் தமிழ் வீட்டுச் சமையலறையில் ஒரு சில்வர் பானையைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அடியில் ஒரு பெயர் இருக்கும். கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பெயர், பெண் பெரியவளான சாமத்தியவீட்டுக்குக் கொடுத்த மாமன் பெயர், கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்த கடைக்காரர் பெயர். எழுத்து லேசாக வலப்பக்கம் சாய்ந்து, ‘ல’வின் வயிறு நன்றாகப் புடைத்து நின்றால் சந்தேகமே வேண்டாம், அது தவரத்தினத்தின் கை. பாரிசில் வேறு ஆட்களும் பெயர் போடுகிறார்கள். போடட்டும். இயந்திரத்தில் கொடுத்து எடுக்கிற தமிழ் எழுத்து கம்பியை வளைத்து வைத்தது போல இருக்கும். தவரத்தினத்தின் எழுத்து வாழையிலையில் சோறு பரிமாறியது போல நிறைவாக இருக்கும். இதை அவரே சொல்வார். வேறு யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பாரிசுக்கு வந்து இறங்கியபோது ஒரு சட்டை, ஒரு சாரம், பிரெஞ்சில் ‘மெர்சி’ என்ற ஒரே சொல். முதலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு லா கூர்னெவில், லிஃப்டுகளுக்குப் பெயர்த் தகடு செய்கிற ஒரு பட்டறையில் கூட்டுகிற வேலை கிடைத்தது. கூட்டத்தான் எடுத்தார்கள். அவர் கூட்டிக்கொண்டே பார்த்தார். எந்தத் தண்ணீரில் எந்த உப்பு, மின்சாரம் எந்தப் பக்கத்தால் போகிறது, எவ்வளவு நேரம் வைத்தால் இரும்பு எவ்வளவு கரைகிறது, எல்லாவற்றையும் கண்ணாலேயே களவெடுத்தார். விளக்குமாறு பிடித்த கை அதே பட்டறையில் முதல் கையாகி, பத்ரோன், அதாவது முதலாளி, விடுமுறைக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற அளவுக்கு வந்தது. சும்மா வந்துவிடவில்லை.

பென்ஷன் எடுத்த பிறகு மார்க்ஸ் டோர்மோயில் இருக்கிற வீட்டின் சமையலறை மேசைதான் பட்டறை. சாமான்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். மகள் நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸின் பழைய போத்தல்கள், ஒரு தையல் ஊசி, கறியுப்பு, காது துடைக்கிற பஞ்சுக் குச்சி, ஒரு பழைய சார்ஜர். இரும்பின் மேல் கியூட்டெக்ஸ் பூசிக் காயவிடுவார். ஊசியால் அந்தப் பூச்சில் எழுத்தைக் கீறுவார். சார்ஜரின் ஒரு கம்பி இரும்பில், மற்றக் கம்பி உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சில். பஞ்சால் ஒற்ற ஒற்ற, கீறின இடத்தில் மட்டும் இரும்பு கரைந்து பஞ்சில் கறுப்பாக ஏறும். பூச்சு இருக்கிற இடத்தை உப்பு தொடாது. கடைசியில் பூச்சைத் துடைத்தால் எழுத்து. அச்சுத் தாள் வெட்டி ஒட்டுகிற முறை தமிழுக்குச் சரிவராது என்பார். தமிழ் எழுத்துக்குச் சுழி உண்டு. தாளில் சுழியை வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும், எழுத்துக் குருடாகிவிடும். கையால் கீறினால்தான் கண் திறக்கும்.

இப்படிப்பட்டவருடைய வாய் ஒருநாள் அவரைக் கொண்டுபோய் ஒரு துவக்கின் முன்னால் நிறுத்தியது. துவக்கு என்றால் துப்பாக்கி. யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள்.

மகள் லக்ஷனா ஜூலியன் என்ற பிரெஞ்சுப் பொடியனை விரும்பினாள். இரண்டு வீட்டாரும் ரூ காய் என்கிற தமிழ்க் கடைத்தெருவில் உணவகம் ஒன்றில் சந்தித்துச் சாப்பிட்டார்கள். ஜூலியனின் தகப்பன் ஜெரார், பாரிசுக்குத் தெற்கே காட்டுப் பக்கம் இருக்கிற வேட்டைக்காரர், பெரிய உருவம், மெல்லிய குரல். மனைவி மோனிக் காலமாகிவிட்டார். நண்டுக் குழம்பில் வியர்த்துக்கொண்டே அவர் ஒரு கதை சொன்னார், லக்ஷனா மொழிபெயர்த்தாள். அவர்கள் வீட்டில் ஒரு இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு இருக்கிறது, தகப்பனாருடையது. தனக்குக் கல்யாணம் நடந்தபோது வலது குழலில் ‘மோனிக் – ஜெரார்’ என்று எழுதித் தந்தாராம். இடது குழலை அடுத்த தலைமுறைக்கு வெறுமையாக விட்டிருந்தாராம். இப்போது அதில் பிள்ளைகளின் பெயர் வரவேண்டும், அதுவும் மருமகளின் எழுத்தில். ஊரில் துவக்குத் திருத்துகிறவரைக் கேட்டிருக்கிறார். வாசிக்கத் தெரியாத எழுத்தை நான் எழுத மாட்டேன் என்று அந்த மனிதர் கையை விரித்துவிட்டார்.

தவரத்தினம் நண்டுக்காலைக் கீழே வைத்தார்.

“பிள்ளை, சொல்லு அவருக்கு. நான் எழுதுவன்.”

“அப்பா, அது துவக்கு. உங்கடை பானை இல்லை.”

“பானையும் வளைவுதான், துவக்கும் வளைவுதான். இரும்பெண்டா இரும்பு. ஐரோப்பாவில இதைச் செய்யிறதுக்கு ஒரு ஆள்தான் இருக்கு, அது உனக்கு முன்னால இருந்து நண்டு சாப்பிடுது எண்டு சொல்லு.”

மனைவி நாகேஸ்வரி மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தார். “வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்க மாட்டியள் என்ன.”

லக்ஷனா சொன்னாளோ, எதைக் குறைத்துச் சொன்னாளோ, ஜெராரின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து இரண்டு கையாலும் தவரத்தினத்தின் கையைப் பிடித்தார். அவர் வைத்த நிபந்தனை இரண்டுதான். துவக்கின் பத்திரமெல்லாம் தன் பெயரில் இருப்பதால் குழல் தன் கண் பார்வையை விட்டுப் போகக்கூடாது, தானே கொண்டுவந்து கூட இருந்து தானே கொண்டு போவார். குழலின் அடியில் இருக்கிற இலக்கங்களையும் முத்திரைகளையும் தொடக்கூடாது.

“இருக்கிற எழுத்தில கை வைக்கிறது என்ரை தொழில் இல்லை,” என்றார் தவரத்தினம். “இல்லாத எழுத்தை வைக்கிறதுதான் தொழில்.”

அன்று வீட்டுக்கு மெத்ரோவில் போகும்போது அவருக்குச் சந்தோஷத்தில் கால் நிலத்தில் படவில்லை. ஆனால் படுத்த பிறகு ஒன்று உறைத்தது. பானை கெட்டால் இன்னொரு பானை வாங்கலாம். இந்தக் குழல் கெட்டால்? தகப்பன், மகன், பேரன் என்று வருகிற சாமான். மகள் வாழப் போகிற வீட்டின் சாமான். கெடுத்தால், காலம் முழுக்க அந்த வீட்டில் அதை எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் லக்ஷனாவின் அப்பன் பெயர் அடிபடும். ஒரு தடவைதான் எழுதலாம். அழித்து எழுத இரும்பு கரும்பலகை இல்லை.

பயந்தாரா? பயப்படவில்லை. பழகினார். சாலோன் என்கிற வரவேற்பறையின் யன்னல் திரைச்சீலைக் கம்பி துவக்குக் குழலின் பருமன். அதைக் கழற்றித் துண்டு துண்டாக வெட்டினார். திரைச்சீலை கயிற்றில் தொங்கியது. ஒவ்வொரு துண்டிலும் ‘ஜூலியன் லக்ஷனா’. சமதரையில் அழகாக இருக்கிற எழுத்து வளைவில் ஏறியதும் ஓரம் ஒடுங்கிக் காட்டியது. அதனால் மேல்வளைவில் ஒரு ஒடுங்கிய பாதையைப் பிடித்து, எழுத்தைச் சற்றுக் குட்டையாக்கி, அகலத்தைக் கூட்டினார். ‘ஷ’ மட்டும் நாலைந்து துண்டு தின்றது. கடைசித் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது அவரே அசந்துபோனார்.

“நாகேஸ், இஞ்சை வாரும். இதைப் பாரும்.”

“பார்த்தாச்சு. எனக்குத் திரைச்சீலைக் கம்பி எப்ப வரும்?”

சனிக்கிழமை காலை ஜெரார் வந்தார். மொழிபெயர்க்க லக்ஷனாவும் வீட்டில் நின்றாள். துவக்கைத் திருத்துகிறவர் குழலை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தார், அது தோல் உறையில் படுத்திருந்தது. உறையைத் திறந்ததும் தவரத்தினம் குனிந்து பார்த்தார். கருநீலம். மழைக்கு முந்தின வானம் போல ஒரு நீலம். இரண்டு குழலும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. வலது குழலில் கொடி ஓடின பிரெஞ்சு எழுத்து. இடது குழல் இத்தனை வருஷமாக அவருக்காகவே காத்திருந்தது போல வெறுமையாக இருந்தது.

நாகேஸ்வரி சமையலறை வாசலிலேயே நின்றார். “துவக்கு வேண்டாம் எண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள். இப்ப என்ரை மேசையில கிடக்குது.”

“அது சுடாது, நாகேஸ். வெறும் குழல்.”

“எனக்குத் தெரியும் அது என்னெண்டு.”

தவரத்தினம் குழலை அசெட்டோனால் துடைத்தார். ஒரு தரம், இன்னொரு தரம், கை உறை போட்டுக்கொண்டு. எண்ணெய் ஒரு பொட்டும் இருக்கக்கூடாது, இருந்தால் கியூட்டெக்ஸ் பிடிக்காது, இது அந்தத் தொழிலின் முதல் பாடம். பிறகு நேரத்தைப் பார்த்தார். அவர் எந்த வேலையையும் நல்ல நேரம் பார்த்துத்தான் தொடங்குவார், ஊரறிந்த விஷயம். நல்ல நேரம் பிறக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. அதற்குள் சம்பந்திக்குத் தன் கைவேலையைக் காட்டாமல் விடலாமா? சாலோனுக்குப் போய், கோயிலுக்கு எழுதிக் கொடுத்த தாம்பாளத்தின் படம், உதைபந்தாட்டக் கழகத்துக்கு எழுதின கேடயத்தின் படம், எல்லாவற்றையும் தொலைபேசியில் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஜெரார் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சமையலறைக் கதவு திறந்தே இருந்தது, அவருடைய ஒரு கண் எப்போதும் குழலில்தான்.

திரும்பி வந்தபோது குழல் வைத்தபடியே கிடந்தது. சந்தனம் மணத்தது. அந்தச் சமையலறையில் எப்போதும் சந்தனம் மணக்கும், சுவாமித் தட்டு குளிர்ப்பெட்டிக்கு மேலேதான் இருக்கிறது. அவர் அதை மனத்தில் எடுக்கவில்லை. துடைத்தது துடைத்ததுதானே என்று கியூட்டெக்ஸைத் திறந்தார்.

பூசினார், காயவிட்டார், கீறினார். ஊசி போன போக்கை என்ன சொல்ல. ‘ஜூ’வின் வால் தண்ணீர்ப் பாம்பு மாதிரி இறங்கித் திரும்பியது. ‘லி’க்கு மேல்விலங்கு ஒரே இழுப்பில் வந்தது. பஞ்சை நனைத்து ஒற்றத் தொடங்கினார். சிர்ரென்று சின்னச் சத்தம், நுரை, கறுப்பு. ஒரு பஞ்சு கறுக்க மறு பஞ்சு. சாலோனைப் பார்த்துக் கத்தினார்.

“பிள்ளை, சொல்லு அவருக்கு, கரையுது எண்டு. இரும்பு சீனி மாதிரிக் கரையுது.”

“அவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார் அப்பா.”

“ஏன்?”

“பயமாம்.”

தவரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். ‘ஷ’ வந்தது. அந்த ‘ஷ’வை அவர் வாழ்நாளில் அதற்கு முன்பு அப்படி எழுதியதில்லை, இனி எழுதப் போவதுமில்லை. கடைசி ‘னா’வை முடித்து, சோடாத் தூள் கரைத்த தண்ணீரால் உப்பைக் கழுவி, பஞ்சில் அசெட்டோனை எடுத்துப் பூச்சைத் துடைத்தார். வலது பக்கத்திலிருந்து துடைத்து வந்தார். ‘லக்ஷனா’ கருநீலத்தில் வெள்ளி நூலாக எழுந்தது. ‘ஜூலியன்’ எழுந்தது. அதற்கும் இடப்பக்கம், வரி தொடங்குவதற்கு முன்னால், ஒரு வட்டம் எழுந்தது.

விரல்நுனி அளவு வட்டம். நீலம் போய், சாம்பல் நிறத்தில், ஓரம் லேசாகப் பிசிறி. அந்த இடத்தில் கியூட்டெக்ஸ் தோல் உரிந்தது போல முதலே தூக்கியிருக்க வேண்டும். உப்பு அடியால் நுழைந்து இரும்பைத் தின்றிருந்தது.

தவரத்தினம் கை துடைக்கிற துணியை எடுத்து அந்த இடத்தை மூடினார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினார். நாகேஸ்வரி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

“என்ன செய்தனீர்?”

“நான் துடைச்சனான்.”

“எதைத் துடைச்சனீர்?”

“பொட்டை,” என்றார் நாகேஸ்வரி. “நல்ல நேரம் பிறந்திட்டுது. நீங்கள் அங்கை படம் காட்டிக்கொண்டு நிக்கிறியள். துவக்கு ஒண்டு என்ரை மேசையில பொட்டில்லாமல் கிடக்குது. என்ரை பிள்ளையின்ரை பேர் எழுதப் போறியள். விளக்குத் திரி தூண்டின கை, அப்பிடியே சந்தனத்தைத் தொட்டு வைச்சிட்டன். பிறகு நீங்கள் கத்துவியள் எண்டு சீலைத் தலைப்பால துடைச்சனான். சம்பந்தி அங்கையிருந்து பார்த்துச் சிரிச்சவர்.”

விளக்குத் திரியின் எண்ணெய். சந்தனம் போய்விட்டது, எண்ணெய் போகவில்லை.

“பெயர் எழுத முதல் நீங்கள்தானே நல்ல நேரம், நல்ல நேரம் எண்டு நிக்கிறனீங்கள்,” என்று குரலை அடக்கிச் சீறினார் நாகேஸ்வரி. “நேரத்தை மட்டும் வச்சு என்ன செய்யிறது?”

மறுபடி ஒரு தரம் துடைத்திருந்தால் முடிந்த வேலை. துடைக்காதது தவரத்தினத்தின் கை. லக்ஷனா உள்ளே வந்து, துணியைத் தூக்கிப் பார்த்து, பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள்.

“அப்பா, சொல்லிப்போடுங்கோ.”

“பொறு. இதைச் சுத்தி நாலு இதழ் கீறினா பூவாகும்.”

“ஒரு பிழையைச் சுத்தி இன்னும் நாலு பிழையோ?” என்றாள் மகள்.

ஊசி ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. அப்போது பின்னால் நிலம் அதிர்ந்தது. ஜெரார் வாசலை நிறைத்து நின்றார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக் குனிந்தார். எழுத்தின் மேல் விரல் படாமல், காற்றிலேயே தடவிப் பார்த்தார். ஒவ்வொரு சுழியாகப் போனார். பிறகு வட்டத்துக்கு வந்து நின்றார். விரலால் அதைக் காட்டி நிமிர்ந்து பார்த்தார்.

தவரத்தினம் நெஞ்சை நிமிர்த்தினார். “ட்ரடிசியோன்,” என்றார். மரபு என்று அர்த்தம். அவருடைய பிரெஞ்சு அவசரத்துக்கு அவ்வளவுதான் வந்தது.

நாகேஸ்வரி முன்னால் வந்தார். பள்ளிக்கூடக் கன்டீனில் இத்தனை வருஷம் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டவர், அவருடைய பிரெஞ்சு கணவனுடையதைப் போல இல்லை, ஓடும். அது பிழையாக வந்த அடையாளம் என்றார். வைத்தது என் விரல், இவருக்குத் தெரியாது என்றார். எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு வருகிற எந்தச் சாமானுக்கும் பொட்டு வைத்துத்தான் தொடங்குவோம் என்றார். சுவாமித் தட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துக் காட்டி, தன் நெற்றியையும் தொட்டுக் காட்டினார். ஆயுதம் எங்களைத் துரத்தினது, அதனால் அதற்குப் பொட்டில்லாமல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றார். மன்னிக்க வேண்டும் என்று முடித்தார்.

ஜெரார் குழலைக் கையில் எடுத்தார். வலது குழலைத் திருப்பி, மோனிக்கின் பெயரைக் கட்டைவிரலால் தேய்த்தார். அந்தப் பெயரின் ஓரம் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தது, அவர் அடிக்கடி தேய்க்கிற இடம் போல. பிறகு லக்ஷனாவிடம் மெல்ல ஏதோ கேட்டார். அவள் தாயைப் பார்த்தாள்.

“என்னவாம்?” என்றார் தவரத்தினம். “காசு கேக்கிறாரோ? வழக்கோ?”

“இந்தப் பக்கமும் ஒண்டு வேணுமாம்,” என்றாள் லக்ஷனா. “மோனிக்குக்கு. வைக்கலாமோ எண்டு கேக்கிறார். செத்தவைக்கு வைக்கக்கூடாதெண்டா வேண்டாமாம்.”

நாகேஸ்வரி முந்திக்கொண்டார். “ஏன் வைக்கக்கூடாது? புருசன் இருக்கேக்கை போனவ. சுமங்கலி. பொட்டோடைதான் போயிருக்க வேணும். அவவுக்கு வைக்காமல் வேறை ஆருக்கு வைக்கிறது?”

இதை லக்ஷனா சொல்லி முடித்தபோது ஜெரார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தவரத்தினத்தின் முகத்தில் விளக்குப் போட்டது போல வெளிச்சம் ஏறியது. “ஓம் எண்டு சொல்லு பிள்ளை. இப்பவே. தேத்தண்ணி ஆறமுதல் முடிச்சுக் குடுக்கிறன்.”

ஆனால் முடியவில்லை. எழுத்து அவர் சொற்படி கேட்கும். பிழை கேட்குமா? திரைச்சீலைக் கம்பித் துண்டில் எண்ணெய் விரலை வைத்து, துடைத்து, பூசி, ஒற்றிப் பார்த்தார். நீளமாக ஒரு இழுவல் வந்தது. இன்னொரு துண்டில் ஒன்றுமே வரவில்லை. மூன்றாவது துண்டில் பூச்சு முழுதாகக் கழன்று சட்டிக் கரி மாதிரிப் பரவியது. கோப்பை கழுவிக் கழுவி, அசெட்டோனில் ஊறி ஊறி, அவருடைய விரல்நுனியில் ரேகையே இல்லை. எண்ணெய் அதில் தங்கவில்லை. ஐரோப்பாவிலேயே ஒரே ஆள் மேசை முழுக்கக் கம்பித் துண்டைப் பரப்பி வைத்துக்கொண்டு வியர்த்தார்.

நாகேஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “கேளுங்கோ.”

“என்னத்தைக் கேக்கிறது?”

“சபையில கேக்கிற மாதிரிக் கேளுங்கோ.”

தவரத்தினம் மகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். “நாகேஸ்,” என்றார், “வந்து பொட்டை வையும். எனக்கு வருகுதில்லை.”

நாகேஸ்வரி திரியைத் தூண்டினார். அதே விரல், அதே சந்தனம். மோனிக்கின் பெயருக்கு முன்னால் வைத்து, ஒரு கணம் அப்படியே அழுத்திப் பிடித்தார். உதடு ஏதோ சொன்னது. பிறகு சீலைத் தலைப்பால் துடைத்தார். தவரத்தினம் அதன் மேல் கியூட்டெக்ஸ் பூசினார். பஞ்சால் ஒற்றினார். ஒற்றிக்கொண்டே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஜெரார் இந்த முறை கண்ணை மூடவில்லை, மேசையின் மேல் முழுதாகக் குனிந்து நின்றார். திடீரென்று பூச்சில் ஒரு கொப்புளம் எழும்பியது. சிர்ரென்றது. கறுத்தது.

“பிடிச்சிட்டுது,” என்றார் தவரத்தினம். “பிள்ளை, பிடிச்சிட்டுது. பார், பார்.”

துடைத்தபோது வட்டம் இருந்தது. முதலாவதை விட நல்ல வட்டம். இரண்டு குழலின் தலைமாட்டிலும் இரண்டு பொட்டு. ஜெரார் நாகேஸ்வரியின் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்தார். நாகேஸ்வரி கூச்சத்தில் குங்குமச் சிமிழைத் தட்டிவிட்டார், மேசையெல்லாம் சிவந்தது.

கல்யாணச் சபையில் அந்தக் குழல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. பார்த்தவர்கள் எழுத்தைப் பார்த்தார்கள், அதை விடக் கூடப் பொட்டைப் பார்த்தார்கள். ரூ காயில் இப்போது தவரத்தினம் எந்தக் கடைக்குள் போனாலும் இந்தப் பேச்சுத்தான். இரும்பில் பொட்டு வைக்க உலகத்திலேயே ஒரு வீட்டுக்குத்தான் தெரியும் என்பார். போன கிழமை, பானைக்குப் பெயர் போடக் கொடுத்த ஒரு பெண், அண்ணை, எனக்கும் அந்தப் பொட்டு வேணும், நீங்கள்தானே வைக்கிறனீங்கள், என்று கேட்டார்.

தவரத்தினம் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “எழுத்து நான்,” என்றார். “பொட்டெண்டா நாகேஸை நேரில வந்து கேக்க வேணும். நானே கேட்டுத்தான் வாங்கினனான்.”